தேதி போடாதவை

ஜூன் 2, திங்கள்

சோதனைக் காலம் இன்று தொடங்குகிறது. முடிவு ஜூன் 29, ஞாயிறு. இருபத்தெட்டு நாள்.

சுகுணா அக்கா நேற்று என் மகள் மிதுனாவைக் கொண்டுவந்து விட்டார். என் மனைவி தாரணியின் அக்கா, திருப்பூரில் இருக்கிறார். மே எட்டாம் தேதி தாரணி இறந்ததிலிருந்து மிதுனா அங்கேதான் இருந்தாள். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"தம்பி, நான் உங்களக் கொறை சொல்லல. ஆனா அஞ்சு வயசுப் புள்ளைங்க. எங்கூட்ல ரெண்டு இருக்குது, மூணா வளந்துட்டுப் போகுது. மாசக் கடைசில டி.சி. வாங்குனாத்தான் எங்கூர்ப் பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாங்க. இருவத்தொம்பதாந் தேதி வரேன். அதுக்குள்ள உங்களால ஆகுமான்னு பாத்துக்குங்க. ஆகலைன்னா சொல்லிப்போடுங்க, ரோசப்படாதீங்க."

"பாத்துக்குவேங்க்கா."

"எப்புடி?"

"லிஸ்ட் போட்டு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மிதுனாவின் தலையைத் தடவிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

இன்று பள்ளி திறந்தது. 8.05க்கு வேன். தண்ணீர்ப் பாட்டில் சமையல் மேடையிலேயே நின்றுவிட்டது. தெருமுனை வரை ஓடிப்போய்க் கொடுத்தேன். பட்டியலில் 'பாட்டில்' என்று இருந்தது, டிக்கும் போட்டிருந்தேன். நிரப்புவது ஒன்று, பையில் வைப்பது இன்னொன்று. இரண்டாகப் பிரித்துவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

செயலியைத் திறந்து முழுவதும் சரிபார்த்தேன். 'வீடு' என்ற நோட்டு எனக்கும் தாரணிக்கும் பொது. அதில் 118 பட்டியல்கள் இருக்கின்றன. மளிகை, மிது டிபன், மிது மருந்து, ஊருக்குப் போக, கொலு, கரண்ட் இல்லாதபோது. சிலவற்றுக்குத் தலைப்பே இல்லை. ஒன்றில் 'வெந்தயம்' என்று ஒரே ஒரு வரி.

நிறம் கொடுத்தேன். காலை மஞ்சள், பள்ளி பச்சை, இரவு நீலம். பிறகு நேரப்படி இல்லாமல் ஆள்படி பிரிக்கலாம் என்று எல்லாவற்றையும் கலைத்தேன். ஆள்படி பிரித்தால் மூன்று ஆள் வருகிறது. மறுபடி நேரப்படியே வைத்தேன்.

'பிறகு' என்ற கோப்பில் 41 இருக்கின்றன. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

'பிறகு' இரண்டு வருடத்துக்கு முன் நான் உண்டாக்கியது. மென்பொருள் சோதனை என் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அறைக் கதவைச் சாத்தி ஹெட்போன் மாட்டினால் ஐந்தாறு மணி நேரம் போய்விடும். தாரணி நடுவில் கதவைத் தட்டுவாள். கேஸ் வந்திருக்குது, குழாய் ஒழுகுது, மிது என்னமோ சொல்றா பாருங்க. கதவு சாத்தியிருந்தால் பட்டியலில் போட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவளும் போட்டாள். அதுவும் நிமிடத்துக்கு ஒரு மணியடித்தது. அதனால் ஒரு விதி எழுதினேன். தேதி போடாத எதுவும் சத்தமில்லாமல் 'பிறகு'வுக்குப் போய்விடும். இரண்டு வருடம் பிழையில்லாமல் ஓடிய விதி.

ஜூன் 5, வியாழன்

மிது டிபன் பட்டியலில் வியாழன்: தோசை (முகம்). எதிர்பார்த்தது: இரண்டு தோசை. நடந்தது: மிதுனா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முகம் எங்க?"

"என்ன முகம்?"

"கேரட்ல கண்ணு. தக்காளில வாயி."

வீட்டில் கேரட் இல்லை. கத்தரிக்காய்தான் இருந்தது. கத்தரிக்காயில் கண் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டுத் தட்டை மெதுவாக நகர்த்திவிட்டாள். முகம் இல்லாமலே ஒன்றைத் தின்றாள். கேரட் மளிகைப் பட்டியலில் சேர்த்தாயிற்று.

ஜூன் 7, சனி

தாரணியின் போன் கிரைண்டர் மேல் அலமாரியில், அவள் சார்ஜ் போடும் அதே இடத்தில் இருக்கிறது. அணைக்கவில்லை. பொது நோட்டு சரியாக இயங்க இரண்டு கருவியும் உயிரோடு இருப்பது நல்லது. காலையில் நூறு சதவீதம் ஏற்றுகிறேன். மாலையில் பார்த்தால் 86. யாரும் தொடாத போனில் பதினான்கு சதவீதம் எங்கே போகிறது? பேட்டரி பழசு.

'பிறகு' 43 காட்டுகிறது. செவ்வாயன்று தவறாக எண்ணியிருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

தலை சீவும்போது மிதுனா கத்தினாள். சீப்பு இழுக்கிறது என்று நினைக்கிறேன். பெரிய பல் சீப்பு வாங்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

டீம் லீட் பிரசன்னா கூப்பிட்டான்.

"டேய் நவநீ, லீவ எடுடா. ரிலீஸை நாங்க பாத்துக்கறோம்."

"எடுத்து என்ன பண்ண?"

"என்னடா கேள்வி இது. தூங்கு. எங்கயாச்சும் போ."

"தூங்கறேன்."

"நேத்து காலைல அஞ்சரைக்கு எனக்கு எட்டு பக் ரிப்போர்ட் வந்துச்சு. யாரு, உன் ஆவியா அனுப்புச்சு?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். இந்தப் பக்கம் கேட்கும் அளவுக்குக் கடித்தான். பரவாயில்லை என்றேன். ஹாலிலிருந்து பால்கனிக்கு இருபத்தியொரு அடி. எண்ணிக்கொண்டேதான் பேசினேன்.

பட்டியல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பட்டியல் போட்டேன். அதை எந்த நிறத்தில் வைப்பது என்று தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

3.30 முதல் 5.00 வரை மீட்டிங்.

ஜூன் 13, வெள்ளி

சுகுணா அக்கா வீடியோவில் கூப்பிட்டார். மிதுனாவைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன்.

"என்ற சாமி, சாப்ட்டியா?"

"டிக் போட்டாச்சு."

"என்னது?"

"சாப்பாடு டிக் போட்டாச்சு. பல்லு டிக் போட்டாச்சு. ஹோம்வொர்க் டிக் போட்டாச்சு."

அக்கா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "அப்பாட்டக் குடு," என்றார். நான் வாங்கியதும், "தம்பி, புள்ள பேசறதே மிசினாட்ட இருக்குதுங்களே," என்றார்.

பழகிவிட்டாள் என்றேன். டேப்லெட்டில் அவளுக்குப் படம் போட்ட பட்டியல் செய்து கொடுத்திருக்கிறேன். பிரஷ் படம், டம்ளர் படம். நூற்றுக்கு நூறு சரியாகப் போகிறது.

ஜூன் 16, திங்கள்

'பிறகு' 47. இது எண்ணிக்கைத் தவறு இல்லை.

பிழை அறிக்கை எழுதினேன். தலைப்பு: செயல்படாத பயனரின் கணக்கிலிருந்து உருப்படிகள் பெருகுகின்றன. காரணம் என்னவாக இருக்கலாம்: இரு கருவிகளுக்கிடையில் ஒத்திசைவு தவறி ஒன்றே இரண்டாகப் பதிவாகிறது. நானே தேதி போடாமல் ஒரு உருப்படி போட்டுப் பார்த்தேன். ஒன்றாகத்தான் பதிவானது. அழித்துவிட்டேன்.

கோப்பைத் திறந்தால் எது இரட்டிப்பு என்று தெரிந்துவிடும். இன்று நேரமில்லை. துணி மடிக்க வேண்டும். மடித்த துணியைப் பிரித்து அளவுப்படி மறுபடி மடித்தேன்.

போன் பேட்டரி 79.

ஜூன் 18, புதன்

பள்ளி டைரியில் மிஸ் எழுதியிருக்கிறார்: 'பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் கவனிக்கவும்.' மாலைப் பட்டியலில் 'கவனம், பத்து நிமிடப் பயிற்சி' என்று சேர்த்தேன்.

தலையணை உறையில் மஞ்சளாகக் கறை. பால் கொட்டியிருக்கிறாள். உறை மாற்றினேன். டிக்.

ஜூன் 20, வெள்ளி

காலை உடல் சூடு 99.8. வெயில். இரண்டு இட்லியில் ஒன்று மிச்சம். பள்ளிக்கு அனுப்பினேன். இன்னும் ஒன்பது நாள்.

ஜூன் 21, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ரிலீஸ் நாள் என்பதால் சனிக்கிழமையும் வேலை. மிதுனாவுக்குப் பள்ளி இல்லை. பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போனது. மீட்டிங் அறுந்தது. ஹெட்போனைக் கழற்றினேன். ஃபேன் நின்றதால் வீடே நிசப்தமாக இருந்தது. சமையலறையில் யாரோ பேசினார்கள்.

கதவைத் திறந்து போனேன். மிதுனா முக்காலி மேல் ஏறி, கிரைண்டரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தாரணியின் போனை வாயருகே வைத்திருந்தாள். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அப்பா, காது வலிக்குது. தண்ணி வருது. கதவு சாத்தியிருக்குது."

பொத்தானை விட்டாள். போன் 'டொக்' என்றது. அப்போதுதான் என்னைப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட முகம்.

"யாருட்ட பேசற?"

"லிஸ்ட்டுல போடறேன்."

"எதுக்கு?"

"அம்மாதான் சொன்னாங்க. கதவு சாத்தியிருந்தா லிஸ்ட்டுல போட்டுப்போடணும், அப்பா பாத்துக்குவாங்கன்னு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நீங்க பாக்கவேல்லியா?"

தூக்கினேன். காது என் தோளில் பட்டதும் அலறினாள். கழுத்து கொதித்தது.

காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். செவிப்பறையில் சின்ன ஓட்டை விழுந்து சீழ் வருகிறது என்றார். மருந்தில் ஆறிவிடும், ஆனால் கேட்கும் திறனை ஒரு மாதம் கழித்துச் சோதிக்க வேண்டும்.

"எத்தன நாளா வலி?"

கையோடு கொண்டுவந்திருந்த தாரணியின் போனில் முதல் குரல் பதிவின் தேதியை மட்டும் பார்த்தேன். "ஜூன் ஆறு. பதினஞ்சு நாளா."

"பதினஞ்சு நாளா என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க? பாப்பா சொல்லவே இல்லியா?"

"சொன்னா. வேற ஃபோல்டருக்குப் போயிருச்சு."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஜூன் 22, ஞாயிறு

மிதுனா மருந்து குடித்துவிட்டுத் தூங்குகிறாள். காலை பத்து மணி. 'பிறகு'வைத் திறந்தேன். 50.

ஒன்பது மிதுனாவுடையவை, எல்லாம் குரல் பதிவு. கேட்டேன்.

"அப்பா, காது வலிக்குது."

"அப்பா, முகம் இல்லாத தோசை பரவால்ல."

"அப்பா, இன்னிக்கும் காது."

ஒன்றில் பேச்சே இல்லை. பதினோரு விநாடி மூச்சு மட்டும்.

ஜூன் 12, மாலை 4.10: "அப்பா, உள்ள சத்தம் வருது. அழுவறீங்களா? நான் வெளியதான் இருக்கறேன்."

அன்று மீட்டிங் என்று இங்கே குறித்திருக்கிறேன். குறித்தது தவறு.

இன்னொரு தவறும் இருக்கிறது. 'பிறகு'வை நேரமில்லாமல் திறக்காமல் இருந்தேன் என்று எழுதியிருந்தேன். மே 20 அன்று ஒருமுறை திறந்தேன். மேலே இருந்த ஒரு வரியைப் படித்ததும் மூடிவிட்டேன். அதற்குப் பிறகுதான் நிறம் கொடுக்க ஆரம்பித்தேன்.

மீதி 41 தாரணி எழுதியவை. இன்று முழுவதும் படித்தேன். பால்கனிக் குழாய் ஒழுகுது, வாஷர் மாத்தணும். மிது இன்னைக்கு 'ஙௌ' வரைக்கும் தானே எழுதிட்டா, வந்து பாருங்க. உங்க நீலச் சட்டையில பட்டன் தெச்சுட்டேன். மழை வருதுங்க, ஜன்னலயாவது பாருங்க.

கடைசி மூன்று.

மே 6: தலைவலி. தைலம் தேச்சிருக்கேன்.

மே 7: இன்னைக்கும் தலைவலி. உங்களுக்கு வேலை கொறஞ்சதும் டாக்டர்ட்ட போலாமா.

மே 8, காலை 9.50: கண்ணு ஒரு மாதிரி மங்கலா இருக்குது. மீட்டிங் முடிஞ்சதும் வாங்க.

மீட்டிங் 11.20க்கு முடிந்தது. நான் கதவைத் திறந்தபோது அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, முன்பே வந்திருந்தால் ஒருவேளை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். முன்பே ஏதாவது அறிகுறி இருந்ததா என்று சுகுணா அக்கா அன்றைக்கே என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். அப்போது அது உண்மைதான். மே 20க்குப் பிறகு உண்மை இல்லை.

ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் டிக் போட ஒரு வட்டம் இருக்கிறது. விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை.

ஜூன் 23, திங்கள்

சோதனை முடிவு: தோல்வி.

ஜூன் 25, புதன்

பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்கான படிவம் வாங்கிவந்தேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அலுவலக அம்மாவைக் கேட்டேன். "எல்லாரும் 'குடும்பச் சூழ்நிலை'ன்னுதான் சார் எழுதுவாங்க," என்றார். அப்படியே எழுதினேன்.

திருப்பூருக்கு எடுத்துப்போகும் துணிகளுக்குப் பட்டியல் போட்டேன். காது மருந்து வேளைகளுக்குத் தனிப் பட்டியல், அதில் எல்லாவற்றுக்கும் தேதி போட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

"நான் எதுக்குப் போறேன்?" என்று மிதுனா கேட்டாள். இடது காதில் பஞ்சு. வலது பக்கம் போய் உட்கார்ந்து, "பெரியம்மாட்ட இருந்தா நீ சொல்றது அவங்களுக்குக் கேக்கும்," என்றேன்.

"உங்களுக்கு?"

பையின் ஜிப் சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்யவே அரை மணி நேரம் ஆனது.

ஜூன் 29, ஞாயிறு

சுகுணா அக்கா பத்து மணிக்கு வந்தார். ஹாலில் கட்டிவைத்த பையையும், நாற்காலியில் நிரப்பிவைத்த படிவத்தையும் பார்த்தார். மிதுனாவின் காதுப் பஞ்சைப் பார்த்தார்.

"என்னங் தம்பி இது?"

சொன்னேன். பதினைந்து நாள், செவிப்பறை, கதவு, முக்காலி. எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். பிறகு தாரணியின் போனை எடுத்து அந்த மூன்று வரிகளைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

"அன்னிக்கு நீங்க கேட்டீங்க. தெரியாதுன்னேன். இது இதுல இருந்துச்சு. மே இருவதே பாத்துட்டேன். உங்கட்ட சொல்லல."

படித்தார். மறுபடி படித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் முதல் வரியிலேயே விரலை வைத்திருந்தார்.

"தைலம் தேச்சிருக்கேன்," என்று வாய்விட்டுப் படித்தார். அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"இது நாஞ் சொன்னதுங் தம்பி."

எனக்குப் புரியவில்லை.

"ஆறாந்தேதி எனக்குப் போனடிச்சா. அக்கா, தல பொளக்குதுக்கான்னா. எனக்கு அடுப்புல கொழம்பு. வெயிலுக்கு அப்படித்தாண்டி இருக்கும், தைலத்தத் தேச்சுட்டுப் படு, உம்புருசன் வேலைல தொந்தரவு பண்ணாதன்னேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதுக்குத்தான் உங்களக் கேட்டேன், உங்ககிட்டச் சொன்னாளான்னு. நீங்க தெரியாதுன்னதும், அப்ப எனக்கு மட்டும்தான் தெரியுமான்னு ஒன்றரை மாசமா நெஞ்சுல கல்லு. புள்ளையக் கூட்டிட்டுப் போயர்றேன்னு நின்னதும் அதுக்குத்தான். ஈடு கட்டலாம்னு."

"அக்கா, நான் கேக்காம விட்டேன். உங்க மேல என்ன இருக்குது?"

"நான் கேட்டுட்டு உட்டேன்."

மிதுனா பைக்குள்ளிருந்து அவள் பொம்மைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பார்ப்பதைக் கவனித்ததும் நிறுத்தினாள்.

"பெரியம்மா, நான் லிஸ்ட்டுல போடமாட்டேன். அப்பாட்ட நேராவே சொல்லிர்றேன். இங்கயே இருக்கட்டா?"

அக்கா அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதார். நானும். இந்த முறை கதவுக்கு வெளியில்.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். படிவத்தை எடுத்து நான்காக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"இது என்ற கையில இருக்கட்டும். மாசா மாசம் வருவேன். புள்ள மறுக்கா மிசினாட்டப் பேசுச்சுன்னா இதப் பிரிப்பேன்." என் அறைப் பக்கம் திரும்பினார். "ஸ்க்ரூ டிரைவர் எங்க வெச்சிருக்கறீங்க?"

"எதுக்குங்க்கா?"

"அந்தக் கதவக் கழட்டோணும்."

"வாடகை வூடுங்க."

"ஓனர்ட்ட நாம் பேசிக்கறேன். செவுத்து மேல சாச்சு வெச்சுட்டா கதவு என்ன செத்தா போயிரும்?"

மூன்று கீல், பதினெட்டு ஸ்க்ரூ. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார், நான் கழற்றினேன். மிதுனா ஸ்க்ரூக்களைச் சாப்பாட்டுத் தட்டில் வாங்கி வைத்தாள். இரண்டை அருகருகே கண்ணாக வைத்துவிட்டு, வாய்க்கு எது வைப்பது என்று கேட்டாள். கீலைக் கொடுத்தேன்.

ஜூன் 30, திங்கள்

மிதுனாவுக்கு இந்த வாரம் முழுவதும் விடுப்பு. கதவில்லாத அறையில் முதல் நாள். மீட்டிங் நடுவே ஆறு முறை வந்தாள். எறும்பு, பசி, பென்சில், இன்னொரு எறும்பு, காதுக்கு மருந்து, சும்மா. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தேன். "யார்ரா அது?" என்றான் பிரசன்னா. "என் பொண்ணு. ரெண்டு நிமிசம் இரு," என்றேன். இருந்தான்.

'தேதி இல்லாதவை தானாக நகரும்' என்ற விதியை அழித்தேன். உறுதியாகவா என்று ஒரு முறை கேட்டது. ஆம்.

மிதுனாவின் ஒன்பதுக்கும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக் போட்டேன். தோசைக்கு மட்டும் டிக் வேண்டாம், முகம் வைத்துக் கொடுத்த பிறகுதான் என்றாள். சரி.

மதியம் பால்கனிக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். ஒழுகவில்லை. தாரணியின் வரியைத் திறந்து வட்டத்தை அழுத்தினேன். இனி நாற்பது. அவற்றில் கடைசி மூன்றும் எப்போதும் அப்படியேதான் இருக்கும். மற்றதை ஒவ்வொன்றாகச் செய்யலாம். நாளைக்கு, மிதுனா எழுதிய 'ஙௌ' இருக்கும் அந்தப் பழைய நோட்டைத் தேடி

மிது கூப்பிடுகிறாள்.